காதுல ஒரு குரல், கையில பாஸ் பட்டன்: அம்மாவோட கிராகோவ் நடந்த நாலு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் உங்க ஞாயிறு இணைப்புல ஐரோப்பா போறவங்களுக்கு யோசனை சொல்ற மாதிரி ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. வயசான அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போறவங்க, இங்கிலீஷ் சரளமா வராதவங்க எல்லாம் குரூப் டூர்லயே போயிடுங்க, தனியா போனா வெறும் கட்டடத்த மட்டும் பாத்துட்டு வருவீங்கன்னு அதுல ஒரு வரி இருந்துச்சு. எழுதினவர் அக்கறையாதான் எழுதியிருக்கார், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா அந்த வரிய படிச்சதுல இருந்து மனசு ஒப்பல, ஏன்னா இந்த அக்டோபர்ல இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் கூட பேச வராத என் அம்மாவோட, போலந்துல கிராகோவ்ங்கற ஊர நாலு நாள், கொடி புடிச்சுக்கிட்டு முன்னாடி போற கைடு யாரும் இல்லாம, போன்ல ஒரு ஆடியோ டூர மட்டும் வச்சுக்கிட்டு நடந்தே பாத்துட்டு வந்தேன். அம்மா பாத்தது வெறும் கட்டடத்த இல்ல. அத சொல்லத்தான் இந்தக் கடிதம், கடைசில ஒரு கோரிக்கையும் இருக்கு, கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

நான் மூணு வருஷமா போலந்துல வ்ரோட்ஸ்வாஃப்ங்கற ஊர்ல வேலை பாக்கறேன். அங்க இருந்து கிராகோவுக்கு ட்ரெயின்ல மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். நாம கிராகோவ்னு எழுதறோம், அங்க உள்ளவங்க வாயில க்ராகுஃப்னு வருது. அப்பாவுக்கு முழங்கால்ல ஆபரேஷன் ஆகியிருந்ததால அவரால வர முடியல, அம்மா மட்டும்தான் வந்தாங்க. குரூப்ல சேந்துக்கலாமான்னு நானும் முதல்ல யோசிச்சேன், ஆனா அம்மா மெதுவாதான் நடப்பாங்க, நடுநடுவுல உக்காரணும், ஒரு விஷயம் புடிச்சிருச்சுன்னா அத விட்டு நகர மாட்டாங்க. இருபது பேர் காத்துட்டு நிக்கறப்ப அவங்க சங்கடப்பட்டு எந்திரிச்சு ஓடுறத என்னால பாத்துட்டு இருக்க முடியாது. அதான் ஆடியோ டூர்.

இது எப்படின்னு தெரியாதவங்களுக்காக சொல்றேன். போன்ல ஒரு ஆப், அதுல அந்த ஊரோட மேப், மேப்புல வரிசையா நம்பர் போட்ட இடங்கள். ஒரு இடத்துக்கிட்ட போனதும் ஜிபிஎஸ் பாத்து அந்த இடத்தோட கதைய அதுவே பேச ஆரம்பிக்கும், முடிஞ்சதும் அடுத்து எந்தப் பக்கம் திரும்பணும்னு சொல்லும். ரூம்ல வைஃபை இருக்கறப்பவே மொத்தத்தையும் டவுன்லோட் பண்ணி வச்சுக்கணும், வெளிய போய் பண்ணிக்கலாம்னு விடக்கூடாது. முதல் நாள் எனக்கு ஒரு பிரச்சனை வந்துச்சு, பழைய ஊர்ல தெரு எல்லாம் குறுகல், ரெண்டு பக்கமும் உயரமான வீடுங்க, அதனால ஜிபிஎஸ் தடுமாறி நாங்க ஒரு சர்ச் முன்னாடி நிக்கறப்ப பக்கத்து தெரு கதைய பேச ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் தானா பேசறத ஆஃப் பண்ணிட்டு நம்பர பாத்து நாமளே அழுத்திக்கலாம்னு மாத்திட்டேன், அதுக்கப்புறம் தொந்தரவே இல்ல. ஒரு காதுல மட்டும் இயர்போன், இன்னொரு காது டிராம் வர்ற சத்தத்துக்கும் அம்மாவுக்கும். ரெண்டு நிமிஷம் கேப்பேன், பாஸ் பட்டன அழுத்தி நிறுத்துவேன், கேட்டத அம்மாவுக்கு தமிழ்ல சொல்லுவேன், அவங்க கேள்வி கேப்பாங்க, அப்புறம் திரும்ப ப்ளே.

ஸ்டேஷன்ல இறங்கி சுரங்கப்பாதை வழியா வெளிய வந்தா பத்து நிமிஷத்துல பார்பிகன். செங்கல்ல கட்டின வட்டமான கோட்டை, 1498, 1499 வாக்குல கட்டினது, சுவரோட தடிமன் மூணு மீட்டர். அதுக்குப் பின்னாடி ஃப்ளோரியன் கேட். ஒரு காலத்துல ஊரச் சுத்தி முழுசா மதில் இருந்துச்சாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல இடிச்சுட்டாங்க. இந்த வடக்குப் பக்கத்து துண்டு மட்டும் தப்பிச்சதுக்கு ஃபெலிக்ஸ் ரட்வான்ஸ்கின்னு ஒரு புரொஃபசர் காரணம், இத இடிச்சா வடக்குக் காத்து நேரா ஊருக்குள்ள வந்து ஜனங்களுக்கு உடம்புக்கு முடியாம போயிடும்னு வாதாடி காப்பாத்தியிருக்கார். அம்மாவுக்கு அவர ரொம்ப புடிச்சுப்போச்சு. மதில் இருந்த இடம் முழுக்க இப்ப பிளான்ட்டின்னு ஒரு பூங்கா, பழைய ஊர சுத்தி நாலு கிலோமீட்டர் வளையம், எங்க பாத்தாலும் பெஞ்ச். வயசானவங்களோட போறவங்க இத ஞாபகம் வச்சுக்கோங்க, ஊருக்குள்ள எந்தத் தெருவுல களைப்பு வந்தாலும் கொஞ்ச தூரம் நடந்தா பிளான்ட்டி வந்துரும், மரத்தடியில உக்காந்துக்கலாம். அக்டோபர்ல அந்த மரமெல்லாம் மஞ்சளா இருந்துச்சு, அம்மா இலைய பொறுக்கி ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டாங்க.

ரினெக்குன்னு சொல்ற பெரிய சதுக்கத்துக்கு போனதும் நான் பாஸ் போட்டுட்டு சும்மா நின்னுட்டேன். ஒரு பக்கம் கிட்டத்தட்ட 200 மீட்டர், நாலு பக்கமும் அப்படியே. 1241ல மங்கோலியப் படை வந்து ஊர நாசம் பண்ணிட்டுப் போனதுக்கப்புறம், 1257ல போலெஸ்வாவ் மன்னர் புதுசா பட்டயம் குடுத்து கோடு போட்ட மாதிரி தெரு பிரிச்சு கட்டின ஊர் இது. அப்படி கட்டின ஊர்ல குரோட்ஸ்காங்கற தெரு மட்டும் ஏன் சதுக்கத்துக்குள்ள கோணலா வந்து சேருதுன்னு ஆடியோ கேள்வி கேட்டுச்சு, நான் பாஸ் போட்டு அம்மாகிட்ட கேட்டேன், அம்மா உடனே "அது முன்னாடியே இருந்த ரோடா இருக்கும்டி, பழைய பாதைய யாரு மாத்துவா"ன்னாங்க. அதேதான் பதில். அந்தத் தெரு பட்டயத்துக்கு முன்னாடியே இருந்தது. அது வந்து சேர்ற மூலையில இருக்கற சின்ன செயின்ட் வோய்சியெக் சர்ச்சும் சதுக்கத்த விட வயசு கூட, காலங்காலமா மண்ணு மேல மண்ணு ஏறி சதுக்கம் உசந்துட்டதால அந்த சர்ச்சோட பழைய தரை இப்ப கீழ இருக்கு. ஒரு குரூப்ல போயிருந்தா கைடு கேள்வியும் பதிலும் ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போயிருப்பார், அம்மாவுக்கு யோசிக்க அஞ்சு செகண்ட் கெடச்சிருக்காது.

அப்புறம் அந்த ட்ரம்பெட். சதுக்கத்தோட ஓரத்துல செயின்ட் மேரி பசிலிக்கான்னு பெரிய சர்ச், ரெண்டு கோபுரம், ஒண்ணு உசரம் ஒண்ணு குள்ளம். உசரமான கோபுரத்துல இருந்து மணிக்கு ஒரு தடவ ஒருத்தர் ட்ரம்பெட் ஊதறார், இரவு பகல் எல்லா நேரமும், ரெக்கார்ட் இல்ல, நேர்ல. ஊதறவங்க தீயணைப்புத் துறைக்காரங்க. ஹெய்நாவ்னு பேரு. நாலு ஜன்னல்ல நாலு திசைக்கு, ஒண்ணு வாவெல் கோட்டை பக்கம் ராஜாவுக்காக, இன்னொண்ணு ஃப்ளோரியன் கேட் பக்கம் ஊருக்குள்ள வர்ற விருந்தாளிகளுக்காக. அந்த ராகம் முடியாது, நடுவுலயே டக்குனு அறுந்துரும். முதல் தடவ கேட்டப்ப அம்மா என் கைய புடிச்சு "ஏன்டி நிறுத்திட்டான், அவனுக்கு என்ன ஆச்சு"ன்னு பதறிட்டாங்க. படையெடுப்பு வர்றத பாத்து காவக்காரன் ஊதினான், ஊதிட்டு இருக்கறப்பவே கழுத்துல அம்பு பாஞ்சுருச்சு, அதனால இன்னைக்கும் அந்த இடத்துலயே நிறுத்தறாங்கன்னு கதை. அந்தக் காலத்து எழுத்து எதுலயும் இந்த சம்பவம் இல்ல, இது பின்னால வந்த கதைன்னு ஆடியோ நேர்மையா சொல்லுச்சு, அது எனக்கு புடிச்சிருந்துச்சு. ஆனா நிச்சயமா நடந்ததுன்னு ஒண்ணு இருக்கு, 1927ல இருந்து தினமும் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு போலிஷ் ரேடியோ இத நாடு முழுக்க ஒலிபரப்புது, 1944 மே 18ல இத்தாலில மோன்ட்டே கஸ்ஸினோ மலைய போலிஷ் சிப்பாய்ங்க புடிச்சப்ப அந்த இடிபாட்டு மேல நின்னு ஒரு சிப்பாய் இதையேதான் ஊதினார். ஊதி முடிச்சதும் ஜன்னல்ல இருந்து கைய ஆட்டறார், கீழ இருக்கறவங்க எல்லாம் திரும்ப கைய ஆட்டறாங்க. அம்மா நாலு நாளும் எங்க இருந்தாலும் மணி அடிக்கற நேரத்துக்கு நின்னு கேட்டாங்க.

பசிலிக்கா உள்ள வித் ஸ்த்வோஷ் செதுக்கின மரச் சிற்ப பீடம். 1477ல ஆரம்பிச்சு 1489ல முடிச்சிருக்கார், பன்னெண்டு வருஷம். உயரம் 13 மீட்டர் கிட்ட, சிற்பங்க எல்லாம் லிண்டன் மரம். ரெண்டாம் உலகப் போர்ல நாஜிகள் இத பிரிச்சு ஜெர்மனிக்கு தூக்கிட்டுப் போனாங்க, 1946ல திரும்ப வந்துச்சு. இங்க ஒரு விஷயம் சொல்லணும், சர்ச்சுக்குள்ள போறப்ப ஆடியோவ வெளியவே கேட்டு முடிச்சுட்டு இயர்போன கழட்டிட்டு போங்க. ஜனங்க அங்க முட்டி போட்டு வேண்டிட்டு இருக்காங்க, நமக்கு அது பாக்கற இடம், அவங்களுக்கு கோயில். அம்மா செருப்ப கழட்டலாமான்னு கேட்டாங்க, வேணாம்மா இங்க அப்படி இல்லன்னு சொன்னேன், இருந்தாலும் கைய கூப்பிக்கிட்டுதான் நின்னாங்க, சிற்பத்துல இருக்கற கிழவனோட கையில நரம்பு தெரியறத எனக்கு காட்டினது அவங்கதான்.

ரெண்டாவது நாள் காலைல வண்டில ஒரு பாட்டியம்மா ஒப்வஜானெக் வித்துட்டு இருந்தாங்க. முறுக்கின வளையம் மாதிரி ரொட்டி, மாவ முதல்ல கொதிக்கற தண்ணில போட்டு எடுத்துட்டு அப்புறம் அடுப்புல சுடறது, அந்தப் பேருக்கே அதான் அர்த்தமாம். கிராகோவ் பக்கம் செஞ்சாதான் அந்தப் பேர் வைக்கலாம்னு 2010ல இருந்து ஐரோப்பிய யூனியன் பாதுகாப்பு வேற. அம்மா விரல நீட்டி "இது எள்ளு, இது கசகசா"ன்னு தமிழ்ல சொன்னாங்க, அந்த பாட்டி போலிஷ்ல பதில் சொன்னாங்க, ரெண்டு பேரும் அப்படியே ரெண்டு நிமிஷம் பேசினாங்க, நான் நடுவுல போகல. அந்த நாட்டுக் காசுல சில ஸ்லோட்டிதான், ஒண்ணு வாங்கினா காலைல பசி தாங்கும்.

அன்னைக்கு வாவெல். அந்த மலைமேல ஒரு நாள் முழுக்க இருந்தோம். கதீட்ரல் வாசல்ல பெரிய எலும்பு சங்கிலில தொங்குது, டிராகனோட எலும்புன்னு ஊர்க்கதை, உண்மைல பழங்காலத்து பெரிய மிருகங்களோடது, அது விழுந்தா உலகம் முடிஞ்சிரும்னு ஒரு நம்பிக்கை. கீழ விஸ்துலா ஆத்தங்கரைல டிராகன் சிலை நிஜமாவே நெருப்பு கக்குது. ராஜாவோட வீரனுங்க யாராலயும் கொல்ல முடியாதத ஒரு செருப்பு தைக்கற பையன் ஆட்டுத்தோல்ல கந்தகத்த அடைச்சு வச்சு கொன்னான், அத முழுங்கிட்டு தாகம் தாங்காம ஆத்துத் தண்ணிய குடிச்சு குடிச்சு வெடிச்சுருச்சுன்னு சொன்னேன். அப்புறம் அரண்மனை முற்றத்துல ஒரு மூலை, அங்க பூமிக்கு அடியில சக்தி உள்ள ஒரு கல்லு இருக்கு, சிவபெருமான் உலகத்துல ஏழு இடத்துல போட்டதுல ஒண்ணுன்னு அந்த ஊர்ல ஒரு கதை ஓடுதாம், அதுக்காக சுவத்துல சாஞ்சு நிக்க ஆளுங்க வருவாங்களாம். நாம கேள்வியே படாத கதைய இவங்க சொல்றாங்க பாருன்னு அம்மாவுக்கு ஆச்சரியம், ஆனா அவங்க சாயல, தூரத்துல இருந்து ஒரு கும்புடு மட்டும்.

அம்மாவ அங்க புடிச்சு நிறுத்தினது யத்விகா ராணி. 1384ல முடி சூட்டறப்ப பத்து வயசு, பட்டத்துல ராணின்னு போடல, ராஜான்னுதான் போட்டாங்க, ஏன்னா தன் உரிமைல ஆளற பொம்பளைக்கு சட்டத்துல இடமே இல்ல. 1399ல குழந்தை பிறந்து சில வாரத்துல செத்துப்போறாங்க, குழந்தையும் பொழைக்கல. இருபத்தஞ்சு வயசுதான் இருக்கும். 1364ல காஜிமியெஷ் மன்னர் ஆரம்பிச்ச யூனிவர்சிட்டி அப்ப நொடிஞ்சு கெடந்துச்சு, தன் நகையெல்லாம் அதுக்கு குடுத்துடணும்னு சொல்லிட்டுப் போனதால 1400ல அது திரும்ப எழுந்துச்சு. கல்லறையத் தொறந்து பாத்தப்ப கூட வச்சிருந்த செங்கோலும், ராஜ சின்னமான உருண்டையும் மரத்துல செஞ்சது, தங்கம் இல்ல. அந்த மரச் செங்கோல கதீட்ரல்லயே வச்சிருக்காங்க. அம்மா அது முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. வெளிய வந்து பெஞ்சுல உக்காந்ததும், தன்னைப் படிக்க வைக்க பாட்டி காதுத் தோட்ட வித்த கதைய அம்மா சொன்னாங்க, முப்பது வருஷத்துல அத எனக்கு சொன்னதே இல்ல. அதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நான் பாக்கல, போன்ல ஆடியோ அது பாட்டுக்கு பாஸ்ல இருந்துச்சு.

மறுநாள் டூர்ல இல்லாத ஒரு இடத்துக்கு அம்மாவே கூட்டிட்டுப் போக சொன்னாங்க. பிளான்ட்டிக்கு கொஞ்சம் வெளிய கார்மெலைட் சர்ச்சோட வெளிச்சுவத்துல ஒரு கல்லுல பாதம் பதிஞ்ச தடம் இருக்கு. சர்ச் கட்டறப்ப பொண்டாட்டிக்கு உடம்பு முடியலன்னு அழுதுட்டு இருந்த ஒரு கல்தச்சனுக்கு யத்விகா தன் செருப்புல இருந்த தங்க கொக்கிய பிச்சு குடுத்தாங்க, அதுக்காக கல்லு மேல கால் வச்ச தடம் அப்படியே நின்னுருச்சுன்னு கதை. அம்மா அந்த ராணி நகையால திரும்ப எழுந்த யூனிவர்சிட்டியையும் பாக்கணும்னாங்க, கொலீஜியம் மாயுஸ், வளைவு வளைவா தூண் வச்ச முற்றம், 1491ல கோபர்நிக்கஸ் படிக்க சேந்த யூனிவர்சிட்டி. அதே யூனிவர்சிட்டில 1939 நவம்பர் 6ந் தேதி ஒரு லெக்சர் இருக்குன்னு சொல்லி புரொஃபசர்களை எல்லாம் வரவழைச்சு, வந்த 180க்கும் மேலான பேர ஜெர்மன்காரங்க அப்படியே கைது பண்ணி, அதுல பெரும்பாலானவங்கள சாக்ஸன்ஹவுசன் வதை முகாமுக்கு அனுப்பிட்டாங்க. அந்த முற்றத்துல நின்னுக்கிட்டு இத தமிழ்ல சொல்றப்ப எனக்கு குரல் சரியா வரல.

இங்கதான் அம்மா ஒண்ணு சொன்னாங்க. "நீ சொல்றத போன்ல ரெக்கார்ட் பண்ணுடி, அப்பாவுக்கு போட்டுக் காட்டலாம், அவரும் கூட நடந்த மாதிரி இருக்கும்." அதுல இருந்து ஒவ்வொரு இடத்துலயும் நான் அம்மாவுக்கு சொல்றத ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சேன். அதுக்கு முன்னாடி பாத்ததையெல்லாம் ராத்திரி ரூம்ல உக்காந்து திரும்ப சொல்லி அதையும் சேத்தோம். மொத்தம் 31 கிளிப். அம்மாவோட கேள்வி, டிராம் மணி, புறா சத்தம் எல்லாம் அதுல இருக்கு.

கடைசி நாள் காஜிமியெஷ்ங்கற பகுதி. 1335ல தனி ஊரா ஆரம்பிச்சது, அப்ப ரெண்டு ஊருக்கும் நடுவுல ஆத்தோட ஒரு கிளை ஓடுச்சு, பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசில அத மூடிட்டாங்க, அதான் இப்ப டீட்லாங்கற அகலமான ரோடு. 1495ல இருந்து யூதர்கள இங்க குடியேற வச்சாங்க. ரெமு சினகாக்னு யூதர்களோட கோயில், அது பக்கத்துல பழைய கல்லறை, அங்க சமாதி மேல பூ இல்ல, சின்னச் சின்ன கூழாங்கல்லு. வந்துட்டுப் போனேன், மறக்கலன்னு சொல்ல யூதர்கள் கல்லு வைக்கறது வழக்கம். உடைஞ்ச கல்லறைக் கல்லுங்கள பொறுக்கி ஒட்டியே ஒரு சுவர் எழுப்பியிருக்காங்க. போருக்கு முன்னாடி இந்த ஊர் ஜனத்தொகைல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு யூதர்கள்.

பாலத்த தாண்டினா பொட்குஜெங்கற பகுதி. 1941 மார்ச்ல நாஜிகள் யூதர்கள அடைச்சு வைக்க இங்கதான் கெட்டோ போட்டாங்க, முன்னாடி மூவாயிரம் பேர் இருந்த இடத்துல பதினஞ்சாயிரம் பேர அடைச்சு சுத்தி மதில் கட்டினாங்க, அந்த மதிலோட உச்சிய யூத கல்லறைக் கல்லு வடிவத்துல வளைச்சு கட்டினாங்க. ல்வோஃப்ஸ்கா தெருவுல அதுல ஒரு துண்டு இன்னும் நிக்குது. 1943 மார்ச் 13, 14ல கெட்டோவ காலி பண்ணாங்க, வேலை செய்ய முடிஞ்சவங்க ப்வாஷோவ் கட்டாய வேலை முகாமுக்கு, மத்தவங்க தெருவுலயே சுடப்பட்டாங்க இல்லன்னா ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. கெட்டோவுல இருந்த சதுக்கத்துல இப்ப காலி நாற்காலிங்க மட்டும், மொத்தம் எழுபது, இரும்புலயும் வெண்கலத்துலயும், 2005ல வச்சது. ஜனங்கள ஏத்திட்டுப் போனதுக்கப்புறம் அவங்க தட்டுமுட்டு சாமான் எல்லாம் அங்க குமிஞ்சு கெடந்ததுக்கு ஞாபகமா. ஓரத்துல ஒரு மருந்துக்கடை, இப்ப மியூசியம், ததேயுஷ் பன்கியெவிச்னு யூதர் இல்லாத ஒருத்தர் கெட்டோவுக்குள்ளயே இருந்து அத நடத்தினார். வயச கொறச்சு காட்ட தலைக்கு சாயம், ஒளிச்சு வச்ச குழந்தைங்க அழாம இருக்க தூக்க மருந்து, இதெல்லாம் அவர்கிட்ட இருந்துதான் கெட்டோ ஜனங்களுக்கு கெடச்சுது.

இந்த இடத்துல அந்த ஆடியோ மேல எனக்கு உண்மையான வருத்தம். அந்த சதுக்கத்துக்கு மூணே நிமிஷம் குடுத்தாங்க, பேசி முடிச்ச அடுத்த நொடி ஒரு துள்ளல் மியூசிக், பக்கத்துல நல்ல காபி எங்க கெடைக்கும்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நான் அவசரமா பாஸ் அழுத்தினேன், கை நடுங்குச்சு. ஆடியோ டூர் செய்யறவங்க யாராச்சும் இத படிச்சா கேட்டுக்கறேன், இப்படிப்பட்ட இடத்துல ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசாம விடுங்க, அடுத்தத நாங்க எப்ப கேக்கணும்னு எங்களையே அழுத்த விடுங்க. தூக்க மருந்து விஷயத்த சொன்னதும் அம்மா எதுவும் கேக்கல. ஓரத்துல டிராம் ஸ்டாப்கிட்ட இருக்கற சின்ன நாற்காலிங்கள்ல ஜனங்க உக்காரலாம், அதுக்குதான் வச்சிருக்காங்க, அப்படி சொல்லியும் அம்மா உக்காரல. நாற்காலிய தொட்டுக்கிட்டே நின்னாங்க. அந்த கிளிப்புல நாலு நிமிஷத்துக்கு டிராம் சத்தம் மட்டும்தான் இருக்கு.

இப்ப கோரிக்கை. நாங்க தேடினப்ப கிராகோவுக்கு தமிழ்ல ஒரு ஆடியோ டூர் கூட எங்க கண்ணுல படல. பக்கத்துல நின்னு சொல்ல நான் இருந்ததால அம்மாவுக்கு கெடச்சுது, கூட யாரும் இல்லாம வர்ற அம்மா அப்பாக்களுக்கு? போலந்துல எத்தனையோ தமிழ்ப் பசங்க படிக்கறாங்க, வேலை பாக்கறாங்க, தினமும் அந்தத் தெருவுலதான் நடக்கறாங்க. ஒரு இடத்துக்கு ரெண்டு நிமிஷம், போன்ல பேசினா போதும், ஸ்டூடியோ வேணாம், ஆனா தேதியும் விவரமும் சரி பாத்துட்டு பேசணும், கதைய கதைன்னும் நடந்தத நடந்ததுன்னும் பிரிச்சு சொல்லணும். உங்க ஞாயிறு இணைப்புல வாரம் ஒரு தெரு, ஒரு சதுக்கம்னு எழுத்தா போட்டு, பக்கத்துல க்யூஆர் கோட் வச்சு அந்தக் குரலையும் கேக்கற மாதிரி பண்ண முடியுமா? உங்க கட்டுரை எழுதினவரும் இதுல சேந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம், பயணத்த பத்தி அவருக்கு என்னை விட அதிகம் தெரியும்.

முதல் தவணையா எங்க 31 கிளிப்பையும் அனுப்ப நான் தயார். அப்பா அத வீட்டுல கட்டில்ல படுத்துக்கிட்டு, நான் அனுப்பின மேப்ப பக்கத்துல விரிச்சு வச்சு, நாளுக்கு அஞ்சு அஞ்சா கேட்டார். ஹெய்நாவ் அறுந்ததும் அம்மா பதறினத நாங்க சொல்ற கிளிப்ப மூணு தடவ போட சொன்னாராம். நாற்காலி கிளிப் ஓடறப்ப டிராம் சத்தம் வர ஆரம்பிச்சதும் ரெக்கார்டிங் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு அம்மா அடுத்தத போடப் போனாங்களாம். அப்பா அவங்க கைய புடிச்சு, கொஞ்சம் இருன்னு சொல்லியிருக்கார்.

இப்படிக்கு,
உங்க வாசகி,
வ்ரோட்ஸ்வாஃப், போலந்து